ஸ்லீவ் முடிந்து ஏழு மாதம்: எடை நின்றுவிட்டது, மிக்சர் ஆசை நிற்கவில்லை

காவேரிக்கரை (திருச்சி), செப்டம்பர் 8, 2025

எல்லோருக்கும் வணக்கம். வயது 41, உயரம் 158 செ.மீ. பிப்ரவரி முதல் வாரத்தில் எடை குறைய ஸ்லீவ் (இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுக்கும் ஆபரேஷன்) செய்துகொண்டேன். அன்றைய எடை 118. இன்று காலை 94.1. முதல் மூன்று மாதம் மடமடவென்று இறங்கியது, அப்புறம் நொண்டியடிக்க ஆரம்பித்தது. இப்போது ஏழு வாரமாக 93.6-க்கும் 94.4-க்கும் நடுவே ஊஞ்சல் ஆடுகிறது. மெஷின்தான் கெட்டுப்போய்விட்டதோ என்று 25 கிலோ அரிசிச் சிப்பத்தை ஏற்றிப் பார்த்தேன். சரியாக 25 காட்டியது.

என் கணவரின் அலுவலக நண்பர் எனக்கு ஒரு வாரம் கழித்து ஆபரேஷன் செய்துகொண்டவர். அவர் 41 கிலோ குறைந்து, பேண்ட்டை எல்லாம் பிடிக்கக் கொடுத்துவிட்டார்.

பசி என்றால்கூடச் சமாளித்துவிடலாம். பசியே இல்லை. ஆனால் சாயங்காலம் ஐந்து மணி ஆனால் போதும், தெருமுனைக் கடையில் வாழைக்காயை மாவில் தோய்த்து எண்ணெயில் போடும் சத்தம் எனக்கு வீட்டுக்குள் கேட்கிறது (கேட்க வாய்ப்பே இல்லை, நடுவில் நாலு வீடு இருக்கிறது). ராத்திரி பாத்திரம் கழுவி முடித்ததும் கை தானாக மிக்சர் டப்பாவுக்குப் போகிறது. நின்றுகொண்டே, லைட்டைக்கூடப் போடாமல்.

போன மாதம் நாத்தனார் மகள் கல்யாணப் பந்தியில் பக்கத்து இலை அத்தை, "இவ்வளவு பணத்தைக் கொட்டி வயித்தை வெட்டியும் உடம்பு அப்படியேதானேடி இருக்கு" என்றார். இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து மிக்சர் தின்றேன்.

ஆபரேஷன் வீணாகிவிட்டதா? வயிறு மறுபடி விரிந்துவிட்டதா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


மெதுவடை (மதுரை), செப்டம்பர் 8

மூன்று வருட ஸ்லீவ்காரன் பேசுகிறேன். என் பெயரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். பழைய காதலி பெயரை மகளுக்கு வைப்பதில்லையா, அந்த மாதிரிதான்.

முதலில் கணக்கு. உங்கள் உயரத்துக்கு பி.எம்.ஐ. (உயரத்தையும் எடையையும் ஒப்பிடும் கணக்கு) 25 என்றால் 62 கிலோ சொச்சம் வரும். ஆக, ஆபரேஷன் அன்று கூடுதலாகச் சுமந்தது 56 கிலோ. அதில் 24 போய்விட்டது, நூற்றுக்கு 43. ஸ்லீவில் இந்தக் கூடுதல் எடையில் பாதியோ அதற்குக் கொஞ்சம் மேலேயோ போனால் நல்ல பலன் என்பார்கள். அதற்கும் ஒன்று, ஒன்றரை வருடம் கணக்கு. உங்களுக்கு இது எட்டாவது மாதம்தான். வேகம் கொஞ்சம் குறைவு, ஒத்துக்கொள்கிறேன். வீண் என்று சொல்ல ஒன்றுமே இல்லை.

அந்த அலுவலக நண்பர் எத்தனை கிலோவில் ஆரம்பித்தார்? ஸ்லீவா, பைபாஸா (இரைப்பையைச் சின்னதாக்கி, சிறுகுடலின் முன்பகுதியைத் தாண்டவைக்கும் ஆபரேஷன்)? 160 கிலோ ஆண் பிள்ளைக்கு 41 கிலோ போவதும் உங்களுக்கு 24 போவதும் சதவீதத்தில் பார்த்தால் 26-உம் 20-உம்தான், கிலோவில் தெரிகிற அளவு வித்தியாசம் இல்லை. அவர் பேண்ட்டை அவர் போட்டுக்கொள்ளட்டும்.

எடை நிற்பது எல்லோருக்கும் வருவது. எனக்கு மூன்றாவது வாரத்தில் ஒரு தடவை நின்றது, ஆறாவது மாதத்தில் இன்னொரு தடவை. சம்பளம் குறைந்த வீட்டில் செலவைச் சுருக்குவது மாதிரி, வரவு குறைந்தால் உடம்பும் செலவைச் சுருக்கிக்கொள்கிறது. கொழுப்போடு தசையும் கரைந்தால் இன்னும் சுருக்கும்.

ஒரு வேலை செய்யுங்கள். மூன்று நாளைக்கு வாயில் போட்டது எல்லாவற்றையும் எழுதுங்கள். உப்புப் பார்த்தது, தட்டில் மிச்சம் வைத்ததைத் தின்றது, எல்லாம். மிக்சர் டப்பாவை மட்டும் சமையல் தராசில் வைத்து எடை பாருங்கள். நாம் எழுதும்போது கை கொஞ்சம் பொய் சொல்லும். டப்பா சொல்லாது.


அதிகாலை நடை (கோவை), செப்டம்பர் 8

கசப்பாகச் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். அந்த டப்பாவைக் கடையில் வாங்கி வந்து வைப்பது யார்? ஆபரேஷன் வயிற்றுக்குத்தான் நடந்தது, நாக்குக்கு இல்லை. அரிசியை அடியோடு நிறுத்துங்கள். ஆறு மணிக்கு மேல் தண்ணீர் மட்டும். ஆசை வந்தால் நடக்கப் போங்கள். கட்டுப்பாடு இல்லாவிட்டால் இரண்டு வருடத்தில் எல்லாம் திரும்பி வந்துவிடும். அப்புறம் அழுது பயனில்லை.


பனிமழை (ஸ்காபரோ, கனடா), செப்டம்பர் 9

தங்கச்சி, நடை அண்ணை சொன்னதைக் கேட்டுப் பட்டினி கிடந்துவிடாதேங்கோ. நான் கிடந்து பார்த்தவள். பகல் முழுக்க நல்ல பிள்ளையாக இருந்துவிட்டு, இரவு பதினொரு மணிக்கு ஒரு பாக்கெட் பிஸ்கட்டைத் தேத்தண்ணியில் தோய்த்து முடித்திருக்கிறேன்.

எனக்கு 2019-இல் பைபாஸ். இங்கே ஒன்ராறியோவில் அரசாங்கச் செலவில்தான் செய்கிறார்கள். டயட்டீஷியனோடும் சமூகப் பணியாளரோடும் இருந்து கதைக்க விடுவார்கள். அந்தச் சமூகப் பணியாளர் பெண்பிள்ளைதான் எனக்கு விளக்கினா. ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்குக்கும் மேலே வெட்டி எடுக்கிறார்கள். பசியைத் தூண்டுகிற கிரெலின் எண்ட ஹார்மோன் பெரும்பாலும் அந்த வெட்டி எடுத்த மேல் வளைவில்தான் சுரக்கிறது. அதனால்தான் உங்களுக்கு வயிற்றுப்பசி தெரியவில்லை. வாய்ப்பசி அங்கே இருந்து வருவதில்லை, அதை எந்தக் கத்தியும் தொடாது. பாத்திரம் கழுவி முடிந்து, வீடு அடங்கி, அன்றைக்கு முதன்முதலாக நீங்கள் தனியே நிற்கிற நேரத்தில் அது வருகிறது எண்டால், கொஞ்சம் யோசித்துப் பாருங்கோ, உங்களுக்கு அப்போது வேண்டியது மிக்சர்தானோ எண்டு.

பைபாஸ் எண்டால் இனிப்புத் தின்னவே முடியாது, டம்பிங் (சீனி ஒரேயடியாகக் குடலுக்குள் இறங்கிப் படுத்துகிற பாடு) வந்து பாடம் படிப்பிக்கும் எண்டு நினைக்கிற ஆட்களுக்கும் ஒன்று சொல்லவேணும். முதல் வருடம் மருமகளின் பிறந்தநாளில் இரண்டு கரண்டி வட்டிலப்பம் தின்றேன். கால் மணித்தியாலத்தில் நெஞ்சு படபடத்து, வியர்த்து ஒழுகி, வயிறு முறுக்கி, குளியலறை நிலத்தில் குந்திவிட்டேன். மூன்று மாதம் சீனிப் பக்கம் திரும்பவில்லை. பிறகு ஒருநாள் கண்டுபிடித்தேன், ஒரு துண்டு, அரை மணித்தியாலம் கழித்து இன்னொரு துண்டு எண்டு தின்றால் ஒன்றும் செய்யாது எண்டு. அந்தக் கண்டுபிடிப்பு எனக்கு ஆறு கிலோ.


காவேரிக்கரை, செப்டம்பர் 11

எழுதினேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் போடுகிறேன். மூன்று நாளும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

காலை 6: காபி, ஒரு ஸ்பூன் சர்க்கரை. 8:30: இட்லி 2, சாம்பாரில் ஊறவைத்து (அப்படியே சாப்பிட்டால் நெஞ்சில் நிற்கிறது). 11: பாலில் ஹெல்த் டிரிங்க். 1:15: ரசம் சாதம் குழையப் பிசைந்து ஒரு கிண்ணம், உருளை வறுவல் நாலு துண்டு. 4: டீ, மேரி பிஸ்கட் 3, நனைத்து. 7:30: தோசை 1, பொடி, எண்ணெய். 9:45: பால். அப்புறம் "மிக்சர் ஒரு கை". மூன்று நாளும் "ஒரு கை" என்றுதான் எழுதியிருக்கிறேன்.

டப்பா: திங்கள் இரவு 410 கிராம். வியாழன் காலை 165.

கணவருக்குப் பிரஷர், உப்பு என்பதால் தொடமாட்டார். மகன் ஹாஸ்டலில். மாமியாருக்குக் கடிக்கப் பல் இல்லை. வீட்டில் எலியும் இல்லை.


மெதுவடை, செப்டம்பர் 11

245 கிராம். மிக்சர் நூறு கிராமுக்கு 500 கலோரிக்குக் குறையாது. மூன்று நாளில் 1,200-க்கு மேல், ஒரு நாளைக்கு 400. உங்கள் ரசம் சாதத்தை விட அதிகம்.

எனக்கு இது நேந்திரங்காய் சிப்ஸ். நாகர்கோவில் போய்வரும் மச்சான் புண்ணியம். அதனால் தீர்ப்புச் சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை.


வார்டு அக்கா, செப்டம்பர் 11

ஒன்பது வருடம் இந்த ஆபரேஷன் வார்டில் இருந்தவள். உங்கள் டாக்டருக்குப் பதில் நான் இல்லை, ஆனால் இந்தப் பட்டியலை நான் நூறு தடவை பார்த்திருக்கிறேன்.

தங்கச்சி, நீங்கள் நிறையச் சாப்பிடுவது பிரச்சினை இல்லை. எல்லாமே வழுக்கிப் போகும் சாப்பாடு. ஊறின இட்லி, குழைந்த சாதம், நனைத்த பிஸ்கட், வாயிலேயே கரைந்துபோகும் ஓமப்பொடி. ஸ்லீவ் வயிறு ஒரு குழாய் மாதிரி. கெட்டியாக உள்ளே போனது அங்கே உட்கார்ந்து "போதும்" என்று சொல்ல வைக்கும். கூழாகப் போனது நிற்காமல் கீழே இறங்கிவிடும், வயிறு நிறைந்தது உங்களுக்குத் தெரியவே தெரியாது. பாதிப் பேர் "வயிறு விரிந்துவிட்டது" என்று வந்து நிற்பார்கள். ஸ்கோப் (வாய் வழியாக விடும் கேமராக் குழாய்) போட்டுப் பார்த்தால் பெரும்பாலும் வயிறு ஒழுங்காகத்தான் இருக்கும்.

உங்கள் ஒரு நாள் புரதத்தைக் கூட்டிப் பார்த்தேன். பாலும் இட்லியும் எல்லாம் சேர்த்து 30 கிராம்கூட வரவில்லை. குறைந்தது 60 வேண்டும். தசை கரைவது இதனால்தான், முடி கொட்டுகிறது என்று நீங்கள் அடுத்து எழுதப்போவதும் கொஞ்சம் இதனால்தான்.

தட்டில் முதலில் புரதம். ஒரு முட்டையைச் சாப்பிட்டுவிட்டு இட்லியைத் தொடுங்கள், இரண்டாவது இட்லி தானாக மிஞ்சும். மதியம் மீனோ கோழியோ சின்னத் துண்டாக, இருபது தடவை மென்று. நெஞ்சில் நிற்கிறது என்றீர்களே, அது வேகம். கரண்டியைக் கீழே வைத்து வைத்துச் சாப்பிடுங்கள். சாப்பிடும்போது தண்ணீரும் ரசமும் வேண்டாம், முடித்து அரை மணி நேரம் கழித்துக் குடிக்கலாம். மெதுவாக மென்றும் நிற்கிறது, வாந்தி வருகிறது என்றால் டாக்டரைப் பார்க்க வேண்டும். ஏழு மாதத்தில் குழாய் எங்காவது சுருங்கியிருக்கலாம்.

ரத்தப் பரிசோதனை கடைசியாக எப்போது?


பெயர் வேண்டாம், செப்டம்பர் 12

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எனக்குப் பைபாஸ் ஆகி ஒன்றரை வருடம். மிக்சர் ஆசை எல்லாம் இல்லை. பச்சரிசி. உலையில் போடக் களையும்போது ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொள்கிறேன். ஃப்ரிட்ஜில் ஐஸ் கட்டியைப் பெயர்த்துக் கடிக்கிறேன். வீட்டில் யாருக்கும் தெரியாது. இதுவும் இந்த வாய்ப்பசிதானா?


வார்டு அக்கா, செப்டம்பர் 12

இல்லைம்மா. இது வேறு. நாளைக்கே ஹீமோகுளோபினும் ஃபெரிட்டினும் (உடம்பில் இரும்பு இருப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பாருங்கள். அரிசி, ஐஸ், சுண்ணாம்பு, திருநீறு என்று தேடித் தின்ன வைப்பது பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவு. பைபாஸில் இரும்பை உறிஞ்சும் முன்சிறுகுடலை உணவு தாண்டிப் போய்விடுகிறது, அதனால் உங்களுக்கு இது சீக்கிரம் வரும். இரும்பு மாத்திரை போடுகிறீர்களா? போட்டால் கால்சியம் மாத்திரையோடு சேர்த்துப் போடாதீர்கள், இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். இரும்பு மாத்திரையை டீயோடு விழுங்குவதும் வீண். கூச்சப்படாமல் டாக்டரிடம் "அரிசி தின்கிறேன்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். கேட்டவுடன் அவருக்குப் புரியும்.


கும்பகோணம் டிகிரி, செப்டம்பர் 13

முட்டை, மீன் என்று எல்லோரும் சொல்லிவிடுகிறீர்கள். எங்கள் வீட்டில் முட்டை ஓடுகூட வாசலைத் தாண்டாது. நானும் ஸ்லீவ்தான், 2022. சைவத்தில் 60 கிராம் எட்டுவது மலை ஏறுகிற மாதிரி. ஆனாலும் ஏறலாம். காலையில் பாசிப்பருப்புத் தோசை, அதன் நடுவில் துருவிய பனீர். நூறு கிராம் பனீரில் 18 கிராம் வரும், அதை இரண்டு வேளையாகப் பிரித்துக்கொள்வேன். ராத்திரியே தயிரை மெல்லிய வேட்டித் துணியில் கட்டித் தொங்கவிட்டால், காலையில் வெண்ணெய் மாதிரி இருக்கும். மிளகுத்தூள் தூவிச் சாப்பிடலாம். புரதப் பவுடர் வாசனை எனக்குப் பிடிக்காது, மோரில் கரைத்துப் பெருங்காயம் போட்டுவிடுவேன். சிரிக்காதீர்கள், நன்றாகவே இருக்கும்.

மாமிக்கு இன்னொரு யோசனை (நீங்கள் என்னைவிடச் சின்னவராக இருக்கலாம், பழக்கதோஷம்). இன்னும் பத்து நாளில் கொலு. ஒன்பது நாளும் தெருவெல்லாம் சுண்டல். கொண்டைக்கடலை, பட்டாணி, காராமணி, மொச்சை. மிக்சர் நேரத்தில் அதை வையுங்கள். மிக்சரில் நமக்குப் பிடித்தது என்ன? காரம், உப்பு, நொறுக்கு. சுண்டலில் முதல் இரண்டும் கிடைக்கும். நொறுக்குக்கு வறுத்த கடலையை நாலு மேலே தூவுங்கள்.


அதிகாலை நடை, செப்டம்பர் 14

இரண்டு நாள் எழுதலாமா வேண்டாமா என்று இருந்தேன்.

எனக்கு 2016-இல் மினி பைபாஸ். 142 கிலோ. பதினாறு மாதத்தில் 83. ஊரே என்னை வேடிக்கை பார்த்தது. மேடையேறி எல்லாம் பேசியிருக்கிறேன். இன்று 109. அதிகாலை நடக்கிறேன் என்பது உண்மை, தினமும் ஏழு கிலோமீட்டர். சாயங்காலம் கடையைப் பூட்டியதும் என்ன செய்கிறேன் என்பதை எழுதவில்லை. முன்பு நாலு பாட்டில் பீருக்கு வராத போதை இப்போது ஒன்றுக்கே வருகிறது. பைபாஸுக்குப் பிறகு சாராயம் ரத்தத்தில் சீக்கிரம் ஏறும் என்று ஆபரேஷனுக்கு முன்பே சொன்னார்கள். காதில் வாங்கவில்லை. சாப்பாட்டில் இருந்த கை பாட்டிலுக்குப் போய்விட்டது, அவ்வளவுதான்.

சகோதரியை நான் திட்டியது என்னைத் திட்டியதுதான். மன்னிக்கவும்.

இன்னொரு கேள்வி. மார்ச்சில் இந்தியாவுக்கு வந்த அந்த மௌன்ஜாரோ என்ற எடை குறைக்கும் ஊசி, எனக்கு உதவுமா? யாராவது போட்டிருக்கிறீர்களா?


பனிமழை, செப்டம்பர் 14

அண்ணை, மன்னிப்பெல்லாம் வேண்டாம். அப்பா செத்த வருடம் எனக்குச் சாப்பாடுதான் துணை. ஆபரேஷனுக்குப் பிறகு அது முடியாமல் போக, சீலை வாங்கத் தொடங்கினேன். ஒரு வருடத்தில் 34 சீலை, அதில் உடுத்தது ஐந்து. கடன் அட்டை முட்டின பிறகுதான் ஆளிடம் போய் இருந்து கதைத்தேன்.

எடை திரும்புவது உங்களுக்கு மட்டும் வந்தது இல்லை. சுவீடனில் 1987-இலிருந்து இந்த ஆட்களை வருடக்கணக்காகப் பின்தொடர்ந்த பெரிய ஆய்வு ஒன்று உண்டு. பைபாஸ் செய்தவர்கள் முதல் ஒன்றிரண்டு வருடத்தில் தங்கள் எடையில் நூற்றுக்கு 32 குறைந்தார்கள். பத்து வருடத்தில் அது 25 ஆகி நின்றது. கொஞ்சம் திரும்பத்தான் செய்கிறது. உங்கள் கணக்கும் 23, 24 வருகிறது. எங்கே அவ்வளவு தள்ளிப் போய்விட்டீர்கள்?


வார்டு அக்கா, செப்டம்பர் 15

ஊசி பற்றி: ஆபரேஷனுக்குப் பிறகு எடை ஏறியவர்களுக்கு டாக்டர்கள் அதைக் கொடுக்கிறார்கள், உண்மைதான். கடையில் கேட்டு வாங்கிப் போடும் சாமான் இல்லை. அதில் பசி இன்னும் அடங்கும், புரதம் இன்னும் குறையும், தசை இன்னும் போகும். உங்கள் விஷயத்தில் அதற்கும் முன்னால் பாட்டிலைப் பற்றி டாக்டரிடம் பேசுங்கள், ஈரலையும் பார்க்கச் சொல்லுங்கள். மினி பைபாஸ் ஆனவருக்குத் தையமின் (வைட்டமின் பி1) குறைவதும், அதோடு மது சேருவதும் நரம்பைப் பதம் பார்க்கும். காலில் மதமதப்பு, தள்ளாட்டம் இருந்தால் தள்ளிப்போடாமல் ஓடுங்கள்.


மெதுவடை, அக்டோபர் 25

காவேரிக்கரை அம்மாவைக் காணோம். தீபாவளி முடிந்துவிட்டது. உயிரோடு இருக்கிறீர்களா, லட்டில் விழுந்துவிட்டீர்களா?


காவேரிக்கரை, அக்டோபர் 27

இருக்கிறேன். இன்று காலை 91.7. ஏழு வாரத்தில் 2.4 கிலோ. மெதுவடை அண்ணன் கோபிப்பார் என்று தெரியும், ஆனாலும் மெஷினை இப்போது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் கட்டிலுக்கு அடியிலிருந்து எடுக்கிறேன் (இன்று திங்கள், உங்களுக்காக எடுத்தேன்). அதைவிட, ஏப்ரலில் தைத்த ரவிக்கையில் கடைசிக் கொக்கியை உள்பக்கம் தள்ளிப் போட வேண்டியிருக்கிறது.

ரத்தம் கொடுத்தேன். ஃபெரிட்டின் 9, வைட்டமின் டி-யும் குறைவு. இரும்பு மாத்திரை காலை, கால்சியம் ராத்திரி. டாக்டர் என்னைக் கடிந்துகொள்வார் என்று பயந்து இரண்டு ஃபாலோ-அப்பை விட்டிருந்தேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "ஏன் வரவில்லை?"

முட்டைக்கு அப்புறம் ஒரு இட்லி. இரண்டாவது நிஜமாகவே மிஞ்சுகிறது, மாமியார் தினமும் "மாவு கெட்டுப்போச்சா" என்கிறார். நவராத்திரி ஒன்பது நாளும் சுண்டல்தான், அதிலும் மொச்சைச் சுண்டல் அன்றைக்கு மிக்சர் நினைவே வரவில்லை. பனிமழை அக்கா சொன்ன அந்த இரவு நேரத்துக்கு மகனுக்கு போன் போடுகிறேன். அவனும் மெஸ் சாப்பாட்டைப் பற்றிப் புலம்புகிறான், ஆளுக்குப் பத்து நிமிடம்.

தீபாவளிக்கு மாமியார் வீட்டிலேயே மிக்சர் போட்டார். நானே டப்பாவைப் பரணில் ஏற்றச் சொன்னேன். இரண்டாம் நாள் ராத்திரி ஸ்டூலைப் போட்டு ஏறினேன். பாதி ஏறும்போதே சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் எடுத்தேன். லைட்டைப் போட்டு, தட்டில் கொட்டி, தராசில் 30 கிராம் வைத்து, உட்கார்ந்து தின்றேன். மறுநாளும் அதேதான். மூன்றாம் நாள் 30 என்பது 70 ஆனது. அதையும் எழுதி வைத்திருக்கிறேன்.

அதிகாலை நடை அண்ணன் எப்படி இருக்கிறார்?

அடுத்த மாதம் அந்த நாத்தனார் வீட்டிலேயே இன்னொரு விசேஷம். அதே அத்தை வருகிறார். பந்தியில் பக்கத்தில் யாரை உட்கார வைப்பது என்பதுதான் இப்போதைய கவலை.


அதிகாலை நடை, அக்டோபர் 27

இருக்கிறேன் தங்கச்சி. டாக்டரைப் பார்த்தேன். பாட்டில் இல்லாமல் 19 நாள். எடை 109-தான், அசையவில்லை.


மெதுவடை, அக்டோபர் 28

அத்தைக்கு அந்தப் பக்கம் என்னை உட்கார வையுங்கள். என் இலை வடையையும் அவருக்கே கொடுத்துவிடுகிறேன். வாய் நிறைய இருந்தால் பேச்சு வராது.